எதிரியின் கழுதை: யூத மரபில் இரக்கம் சட்டமான கதை

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தால்முத்தில் 'பாவா மெட்சியா' என்றொரு நூல் உண்டு. வழியில் கண்டெடுத்த பொருள் யாருக்குச் சேரும், கடனுக்கு வட்டி வாங்கலாமா, இரவல் வாங்கிப்போன மாடு செத்துவிட்டால் யார் ஈடு கொடுப்பது, கூலியாளுக்கு எந்த நேரத்துக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக வழக்குப் பேசும் நூல். யூதர்கள் இரக்கத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தேடுகிறவர் சங்கீதத்துக்கோ தீர்க்கதரிசிகளிடமோ போவார். இந்தப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார். ஆனால் எதிரியின் கழுதை, போரடிக்கும் மாடு, மதுப் பீப்பாயை உடைத்துவிட்ட சுமைகூலிகள், வெட்டுக்குப் போகும் கன்று என்று இரக்கம் பற்றிய யூத மரபின் மிகக் கூர்மையான பேச்சுகள் பலவும் இந்த ஒரே நூலுக்குள்தான் கிடக்கின்றன.

இது தற்செயல் அன்று என்பது என் கட்சி. யூதச் சட்ட அறிஞர்களான ரப்பிகள் இரக்கத்தை நெஞ்சின் ஈரத்தை நம்பி விட்டுவைக்கவில்லை. கடன், கூலி, பாரம், சொத்து ஆகிய விவகாரங்களுக்கு நடுவே அதையும் ஒரு கடமையாக உட்கார வைத்தார்கள். சட்டமானதால் அதற்குப் பல் முளைத்தது. சட்டமானதாலேயே அதில் ஓர் ஓட்டையும் விழுந்தது. இன்றைய கோழிப் பண்ணைகளும் இறைச்சி ஆலைகளும் நுழைந்திருப்பது அந்த ஓட்டை வழியாகத்தான்.

கழுதையிலிருந்து தொடங்கலாம். உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடக்கக் கண்டால் பாராமுகமாகப் போகாதே, அவனோடு சேர்ந்து இறக்கிவிடு என்பது யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தின் கட்டளை. உபாகமம் 22ஆம் அதிகாரம், விழுந்து கிடக்கும் மாட்டையும் கழுதையையும் தூக்கி நிறுத்த உதவச் சொல்கிறது. ரப்பிகள் இதை இரண்டு வேலைகளாகப் பிரித்தார்கள்: சுமை இறக்குவது, சுமை ஏற்றுவது. இறக்குவதற்குக் கூலி கேட்கக் கூடாது, ஏனென்றால் கீழே விலங்கு துடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றுவதற்குக் கூலி கேட்கலாம். கழுதையின் சொந்தக்காரன், கட்டளை உனக்குத்தானே, நீயே செய் என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டால் வழிப்போக்கனுக்குக் கடமை இல்லை. வேதம் 'அவனோடு சேர்ந்து' என்றல்லவா சொல்கிறது என்கிறது, தால்முத்துக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பு மிஷ்னா. ஆனால் அவன் முதியவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் தனியாளாகவே செய்ய வேண்டும். தெருவில் நாலு பேரைப் பார்த்துப் பழகியவர்கள் எழுதிய சட்டம் இது.

விலங்கின் வேதனையைத் தவிர்க்கும் இந்தக் கடமைக்கு எபிரேயத்தில் 'ட்சார் பாலே ஹயிம்' என்று பெயர். இது மோசேயின் ஐந்து நூல்களான தோராவே இட்ட கட்டளையா, பின்னால் வந்த ஞானிகள் விதித்ததா என்று தால்முத் பாவா மெட்சியாவின் 32ஆம் தாளில் நெடுநேரம் வாதாடுகிறது. ஏட்டுச் சண்டைபோலத் தெரிந்தாலும் நடைமுறையில் இதற்கு எடை உண்டு. தோராவின் கட்டளை என்றால், ஞானிகள் விதித்த சில ஓய்வுநாள் தடைகள் அதற்கு வழிவிட வேண்டும். ஓய்வுநாளில் நீர்க்காலுக்குள் விழுந்துவிட்ட விலங்கின் காலடியில் மெத்தையும் திண்டும் கொண்டுவந்து போடலாம், அது ஏறி வந்தால் வரட்டும் என்று அனுமதித்தது இந்த முறையில்தான். சாக்கடல் ஓரம் வாழ்ந்த கும்ரான் குழுவினரின் 'தமஸ்கு ஆவணம்' இதற்கு நேரெதிர்: ஓய்வுநாளில் குழியில் விழுந்த விலங்கைத் தூக்கவே கூடாது என்றது. மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு, குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்காதவன் உங்களில் யார் என்று எதிராளிகளைக் கேட்கும்போது, அன்று உயிரோடிருந்த இந்த வழக்கின் நடுவில் நின்றுதான் பேசுகிறார்.

அதே 32ஆம் தாளில் இன்னொரு கேள்வி. ஒரு பக்கம் நண்பனின் கழுதைக்குச் சுமை இறக்க வேண்டும். மறுபக்கம் பகைவனின் கழுதைக்குச் சுமை ஏற்ற வேண்டும். எங்கே முதலில் போவது? விலங்கின் வலியை வைத்துப் பார்த்தால் நண்பனிடம்தான். தால்முத் பகைவனிடம் போகச் சொல்கிறது, உள்ளே குமைகிற வெறுப்பை அடக்குவதற்காக. விலங்கின் வேதனை தோராவின் கணக்கில் சேர்ந்தது என்றே வைத்துக்கொண்டாலும் இந்த முறை மாறாதாம். கழுதை சற்றுப் பொறுத்துக்கொள்ளட்டும், அதற்குள் இரண்டு மனிதர்கள் பகை தீர்ந்து போகட்டும் என்ற கணக்கு. இது கழுதைக்கு நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் விலங்கிடம் காட்டும் இரக்கமும் மனிதனிடம் காட்டும் இரக்கமும் ஒன்றோடொன்று மோதும் என்பதை மறைக்காமல் எடுத்துவைத்து ஒரு பக்கம் சாய்ந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்ற உபாகமம் 25ஆம் அதிகாரத்துக் கட்டளையைத் தேவாலயத்துக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் பவுலின் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் பவுல் இந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டு, கடவுள் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்கிறார். அது மனிதருக்காக, உழைப்பவன் தன் உழைப்பின் பலனில் பங்கு பெறுவதற்காக எழுதப்பட்டது என்பது அவர் வாதம்.

ரப்பிகளும் இந்த மாட்டிலிருந்து கூலியாளுக்குத்தான் போகிறார்கள். ஆனால் போகிற வழியில் மாட்டைத் தொலைத்துவிடவில்லை. 87ஆம் தாளிலிருந்து 91ஆம் தாள்வரை தால்முத் மாட்டையும் கூலியாளையும் ஒரே நுகத்தில் பூட்டிவிடுகிறது. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவன் செய்யும்போதே பறித்துத் தின்னலாம், மாடும் அப்படித்தான். மாட்டுக்கு உள்ள உரிமையிலிருந்து ஆளுக்கும், ஆளுக்கு உள்ளதிலிருந்து மாட்டுக்கும் என்று மாற்றி மாற்றி நியாயம் எடுக்கிறார்கள். பிறகு தந்திரக்காரர்களைப் பற்றிய விசாரணை. கயிறு போட்டுக் கட்டாமல் அதட்டியே மாட்டைத் தின்னவிடாமல் செய்தால்? யோகனான் என்ற ரப்பி குற்றம் என்கிறார், ரேஷ் லாகிஷ் என்ற ரப்பி இல்லை என்கிறார். வாயில் முள் குத்திக்கொள்ளும்படி வைத்தால்? வெளியே சிங்கத்தைப் படுக்க வைத்து மிரட்டினால்? கன்றைக் களத்துக்கு வெளியே நிறுத்தித் தாயின் கவனத்தைக் கலைத்தால்? கதிரின் மேல் தோலை விரித்துவிட்டால்? தண்ணீர் காட்டாமல் விட்டு, தாகத்தில் தின்ன முடியாமல் செய்தால்? இத்தனை வழிகளையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்றால், இவற்றில் சிலவற்றையாவது களத்துமேட்டில் பார்த்திருக்க வேண்டும். வாயைக் கட்டிப் போரடித்தவனுக்குச் சவுக்கடி. அதோடு மாடு என்றால் நான்கு 'காப்', கழுதை என்றால் மூன்று 'காப்' என்று முகத்தல் அளவையில் ஈடும் கொடுக்க வேண்டும். மாட்டுக்குச் சேர வேண்டிய தீனிக்கு அளவு குறித்து வைத்த சட்டம் இது.

இதே அக்கறை அன்றாடத்துக்கும் நீண்டது. வீட்டு விலங்குக்குத் தீனி வைக்காமல் நீ சாப்பிட உட்காராதே என்கிறது தால்முத்தின் இன்னொரு நூல். தண்ணீர் என்றால் மட்டும் மனிதன் முதலில் என்று பிற்கால அறிஞர்கள் விலக்கு வைத்தார்கள். ரெபெக்காள் கிணற்றடியில் ஆபிரகாமின் வேலைக்காரனுக்கு முதலில் தண்ணீர் வார்த்து, பிறகு ஒட்டகங்களுக்கு வார்த்தாள் என்பது ஆதாரம். ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் வேலைக்காரியின் மகனுக்கும் அந்நியனுக்கும் ஒருசேர உரியது என்று யாத்திராகமம் ஒரே மூச்சில் சொல்கிறது. மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டாதே என்பதற்கு, கழுதைக்கு மாட்டின் பலம் கிடையாது என்று 12ஆம் நூற்றாண்டு ஸ்பானிய உரைகாரர் இப்னு எஸ்ரா காரணம் சொன்னார். முதல் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழியில் எழுதிய பிலோ, மோசேயின் சட்டம் மனிதரில் தொடங்கி விலங்குக்கும் மரத்துக்கும் இறங்கி வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

சட்டம் இவ்வளவு துல்லியமாகப் பேசும்போது, அது தீண்டாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி வரும். பாவா மெட்சியா 83ஆம் தாளில் இதற்கு ஒரு கதை. ஓர் அறிஞரின் மதுப் பீப்பாயைச் சுமந்து சென்ற கூலிகள் அதை உடைத்துவிட்டார்கள். நட்டத்துக்கு ஈடாக அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பிடுங்கிக்கொண்டார். கூலிகள், சூரா நகரில் கல்விச்சாலை நிறுவிய ராவிடம் முறையிட்டார்கள். ஆடையைக் கொடுத்துவிடு என்றார் ராவ். இதுதான் சட்டமா என்று கேட்டார் அறிஞர். ஆம் என்றார் ராவ். கூலிகள் விடவில்லை: நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை. அவர்கள் கூலியையும் கொடுத்து அனுப்பு என்றார் ராவ். இதுவும் சட்டமா? இதுவும் சட்டம்தான்; நல்லவர்கள் நடந்த பாதையில் நீ நடக்க வேண்டும் என்று வேதம் சொல்கிறதே என்றார்.

ராவ் அந்த மனிதரிடம் கருணை காட்டு என்று கேட்கவில்லை. கருணையைச் சட்டம் என்றே அறிவித்துவிட்டார். இது எல்லாருக்கும் பொருந்தும் தீர்ப்பா, அறிஞர் என்பதால் அவருக்கு மட்டும் விதித்த கூடுதல் பாரமா என்று உரைகாரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதே நூலின் 30ஆம் தாளில் யோகனானின் ஒரு கூற்று இருக்கிறது. எருசலேம் அழிந்ததற்குக் காரணம் அங்கே மக்கள் சட்டத்தை மீறியது அல்லவாம். சட்டத்தின் எழுத்தோடு நின்றுகொண்டு, அதைத் தாண்டி ஓர் அடியும் எடுத்து வைக்காததுதானாம். சட்ட நூலுக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

இனிக் கன்று. யெகூதா ஹனாசி, ஏறத்தாழ கி.பி. 200இல் மிஷ்னாவைத் தொகுத்தவர். யூதச் சட்டத்தின் முதல் பெரும் தொகுப்பே அவர் கையால் வந்தது. வெட்டுக்குக் கொண்டுபோன கன்று ஒன்று ஓடிவந்து அவருடைய ஆடையில் தலையைப் புதைத்துக் கதறியது. போ, நீ படைக்கப்பட்டதே இதற்காகத்தான் என்று சொல்லிவிட்டார். இவனுக்கு இரக்கம் இல்லை, இவன் மேல் வேதனை வரட்டும் என்று விண்ணுலகில் முடிவானது. பதின்மூன்று ஆண்டுகள் சிறுநீர்க் கல்லாலும் வாய்நோயாலும் துடித்தார். ஒருநாள் வேலைக்காரி வீட்டைப் பெருக்கும்போது, மூலையில் கிடந்த கீரி போன்ற ஏதோ சிறு பிராணியின் குட்டிகளையும் சேர்த்துத் தள்ளப் போனாள். விடு, கடவுளின் இரக்கம் அவர் படைத்த எல்லாவற்றின் மேலும் இருக்கிறது என்று சங்கீத வரியைச் சொல்லித் தடுத்தார். நோய் விலகியது.

சட்டப்படி அவர் கன்றிடம் சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை. மாட்டிறைச்சி அனுமதிக்கப்பட்டது. கன்று ரப்பியுடையதும் அன்று. அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றுகூடத் தால்முத் சொல்லவில்லை. தஞ்சம் புகுந்த ஓர் உயிரிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னதுதான் குற்றம். அதுவும் சட்டத்தைத் தொகுத்தவரே சொன்னது.

ஆனால் அதே மிஷ்னாவில்தான் ஒரு வியப்பும் இருக்கிறது. தாய்ப் பறவை குஞ்சுகள் மேலோ முட்டைகள் மேலோ உட்கார்ந்திருந்தால் தாயை விரட்டிவிட்டுத்தான் குஞ்சுகளை எடுக்க வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. அதற்கு நீண்ட ஆயுள் பரிசு. உன் இரக்கம் பறவைக் கூடுவரை எட்டுகிறது என்று யாராவது பொதுத் தொழுகையில் கடவுளைப் புகழ்ந்தால் அவரை வாய்மூடச் செய்ய வேண்டும் என்கிறது மிஷ்னா! ஏன் என்று தால்முத்தில் இரண்டு விளக்கங்கள். ஓர் உயிருக்கு மட்டும் சலுகை என்று சொன்னால் மற்ற உயிர்களுக்குள் பொறாமை வரும் என்பது ஒன்று. கடவுளின் ஆணைகளை இரக்கம் என்று சொல்லிச் சிறுமைப்படுத்தக் கூடாது என்பது மற்றது. இதே கட்டளையைச் சுற்றி ஒரு கதையும் உண்டு. சிறுவன் ஒருவன் தந்தை சொல்லுக்குக் கட்டுப்பட்டு உயரத்தில் ஏறி, தாய்ப் பறவையை விரட்டிவிட்டுக் குஞ்சுகளை எடுத்து இறங்கும்போது விழுந்து செத்தான். பெற்றோரை மதிப்பது, தாய்ப் பறவையை விரட்டுவது என நீண்ட ஆயுள் வாக்களித்த இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றிக்கொண்டிருந்த நேரம். இதைக் கண்டுதான் அறிஞர் எலிஷா பென் அபூயா நம்பிக்கை இழந்து விலகிப்போனார் என்று ஒரு வரலாறு சொல்லப்படுகிறது.

எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் (1138–1204) 'குழம்பியோருக்கு வழிகாட்டி' நூலில் இந்தத் தயக்கத்தைத் தள்ளிவைத்தார். தாய்க்குக் குஞ்சின் மேல் உள்ள பாசம் அறிவிலிருந்து வருவதில்லை. அதனால் குஞ்சைப் பறிகொடுக்கும் விலங்கின் வலிக்கும் மனிதத் தாயின் வலிக்கும் வேறுபாடு இல்லை என்றார். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது என்ற லேவியராகமக் கட்டளைக்கும் இதுவே காரணம் என்றார். வைத்தியத் தொழில் செய்தவரின் கண்ணோட்டம் இது. அடுத்த தலைமுறையில் ஸ்பெயினின் ஹிரோனாவில் வாழ்ந்த நக்மானிடிஸ் இதை ஏற்கவில்லை. கடவுள் விலங்கின் மேல் அவ்வளவு இரக்கப்பட்டிருந்தால் அதை வெட்டவே அனுமதித்திருக்க மாட்டாரே என்று வாதிட்டார். நம் நெஞ்சு கல்லாகிவிடாமல் நம்மைப் பழக்குவதற்காக இட்ட கட்டளை இது என்பது அவர் முடிவு. கேட்பதற்கு நுட்பமான வேறுபாடு. விளைவோ பெரிது. மைமோனிடிஸ் சொல்வதை ஏற்றால் விலங்கின் வலியே கணக்கு. நக்மானிடிஸை ஏற்றால் மனிதனின் குணமே கணக்கு; வெட்டும் இடம் அவன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்துவிட்டால் குணத்துக்குப் பங்கம் எங்கே? என் மனம் மைமோனிடிஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் பிற்கால மரபில் நக்மானிடிஸின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

ஓட்டை என்றேனே, அதற்கு வருகிறேன். 15ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் இஸ்ரயேல் இஸ்ஸர்லைனிடம், உயிருள்ள வாத்தின் இறகைப் பிடுங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அவர் வழியில், அடுத்த நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லெஸ், யூதச் சட்டத்தின் நிலைத்த தொகுப்பான 'ஷுல்ஹான் அரூக்' மேல் எழுதிய குறிப்பில் முடிவைப் பதிந்தார். மருத்துவத்துக்கோ மனிதனின் வேறு தேவைக்கோ என்றால் விலங்கை வதைத்த குற்றம் கிடையாது. எனவே எழுதுகோலுக்காக இறகு பிடுங்கலாம். ஆனாலும் அது கொடுமை என்பதால் உலகத்தார் அதைச் செய்வதில்லை என்று முடித்தார். சட்டம் கதவைத் திறந்து விடுகிறது, மக்களின் கூச்சம் அதைச் சாத்தி வைக்கிறது.

இதே அமைப்பு மனிதரைப் பற்றிய சட்டத்திலும் உண்டு. வேதமும் தால்முத்தும் அடிமை முறையை ஒழிக்கவில்லை. புறச்சமய அடிமையைக் கடுமையாக வேலை வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று மைமோனிடிஸே எழுதினார். அடுத்த வரியிலேயே, ஆனால் பக்தியும் ஞானமும் உள்ளவன் அப்படிச் செய்ய மாட்டான், தான் உண்பதையெல்லாம் அவனுக்கும் கொடுப்பான், அவனை வார்த்தையால்கூட அவமானப்படுத்த மாட்டான் என்றார். தானத்தில் எட்டுப் படிகள் வகுத்து, ஒருவனைக் கைதூக்கிவிட்டு வேலையோ கூட்டோ கொடுத்துப் பிறரிடம் கையேந்தாமல் ஆக்குவதே உச்சப் படி என்றவரும் இவரே. நெஞ்சு பேசுவது அத்தனையையும் அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டால், முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள்.

18ஆம் நூற்றாண்டுப் பிராகாவில் எகெஸ்கேல் லாண்டவ் இந்தச் சிக்கலை அழகாகக் கையாண்டார். காடும் நிலமும் வாய்த்த ஒரு பணக்கார யூதர், துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். விலங்கின் வேதனை என்ற சட்டத்தைக் கொண்டு மட்டும் தடுக்க முடியாது என்பதை லாண்டவ் ஒப்புக்கொண்டார், மனிதத் தேவைக்குக் கொல்வது அனுமதிக்கப்பட்டதாயிற்றே. பிறகு, வேதத்தில் வேட்டைக்காரர்கள் என்று பார்த்தால் நிம்ரோதும் ஏசாவும்தான், ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு இது வழக்கமில்லை என்றார். பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காகக் கொல்வது கொடுமை. காட்டுக்குள் போய்த் தன் உயிரையும் ஆபத்தில் வைக்கும் செயல் வேறு. வெட்கத்தை ஒரு சட்ட வாதமாகவே பயன்படுத்திவிட்டார்.

இறைச்சிதான் இந்த மரபின் நெருடலான இடம். ஏதேனில் மனிதனுக்கு இலையும் கனியும் விதையுமே உணவு. வெள்ளத்துக்குப் பிறகுதான் நோவாவுக்கு இறைச்சி அனுமதிக்கப்பட்டது, அதுவும் இரத்தம் கூடாது என்ற நிபந்தனையோடு. உயிருள்ள விலங்கின் உறுப்பை வெட்டித் தின்னக் கூடாது என்பது மனிதகுலம் முழுமைக்கும் விதித்த ஏழு கட்டளைகளில் ஒன்று என்றார்கள் ரப்பிகள். 'ஷெஹிதா' எனப்படும் அறுப்பு முறைக்கு, விரல்நுனியும் நகமும் ஓட்டிப் பார்த்தால் கீறல் தட்டாத கத்தி வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, மறைவாகச் செருகக் கூடாது, வரம்பு தாண்டக் கூடாது, பிய்க்கக் கூடாது. மிக எளிதான சாவைக் கொடுப்பதே இதன் நோக்கம் என்று மைமோனிடிஸ் சொன்னார். அவர் காலத்து மாற்றுகளோடு ஒப்பிட்டால் அது உண்மையாகவே இருந்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் மயக்கமூட்டி வெட்டும் முறைகள் வந்ததும் நிலைமை மாறியது. அறுப்பதற்கு முன் விலங்குக்குக் காயம் இருக்கக் கூடாது என்பதால் மயக்கமூட்டலை ஷெஹிதா ஏற்காது. 1893இல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் மயக்கமூட்டாமல் வெட்டுவதைத் தடை செய்தது. விலங்கின் மேல் அக்கறை கொண்டவர்களும் யூதரை வெறுத்தவர்களும் அங்கே ஒரே பெட்டியில் வாக்குப் போட்டார்கள். நாஜிகள் பதவிக்கு வந்த மூன்றே மாதத்தில், 1933 ஏப்ரலில் ஜெர்மனியில் ஷெஹிதாவைத் தடை செய்தார்கள். 1940இல் வந்த யூத வெறுப்புப் பிரசாரப் படமான 'நித்திய யூதன்' அறுப்புக் காட்சிகளைக் காட்டிப் பார்வையாளரின் வெறுப்பைத் தூண்டியது. இந்த வரலாறு தெரிந்த யூதர் ஒருவரிடம் விலங்கு நலன் என்று பேச்செடுத்தால் அவர் முகம் இறுகுவதில் வியப்பில்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்சும் வலோனியாவும் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தடையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஏற்றது. யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து தொடுத்த வழக்கு அது.

ஆனால் அந்த வரலாற்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் நாட்டின் மிகப் பெரிய கோஷர் (யூத உணவு விதிகளுக்கு உட்பட்ட) இறைச்சி ஆலை இருந்தது. அறுத்த பிறகும் மாடுகள் எழுந்து தள்ளாடும் காட்சிகளை 2004இல் ஒரு விலங்கு உரிமை அமைப்பு இரகசியமாகப் படம்பிடித்து வெளியிட்டது. 2008 மே மாதம் அதே ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து 389 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள், பெரும்பாலோர் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் திவாலானது. மாட்டின் வாயையும் கூலியாளின் வாயையும் ஒன்றாக வைத்துப் பேசிய தால்முத்தின் தாள்கள் ஒரு தொழிற்சாலைக்குள் பொய்த்துப்போன இடம் அது. கன்சர்வேட்டிவ் பிரிவு ரப்பிகள் சிலர், கத்தியை மட்டுமன்றித் தொழிலாளர் நிலையையும் சோதித்து முத்திரை வழங்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள். அது சந்தையில் காலூன்றவே இல்லை. இது அந்தத் திட்டத்தின் தோல்வி மட்டுமா என்று எனக்குத் தெளிவில்லை. கத்தியின் கீறலைப் பார்க்க நூற்றாண்டுப் பயிற்சி பெற்ற கண்களுக்குக் கூலிச்சீட்டைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

இஸ்ரேல் 1994இல் இயற்றிய விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தலைப்பிலேயே 'ட்சார் பாலே ஹயிம்' என்ற தால்முத் சொல் இருக்கிறது. அதன் பெரிய சோதனைகளில் ஒன்று வாத்து ஈரல். பன்றிக்கொழுப்பு விலக்கப்பட்டது, இறைச்சியோடு வெண்ணெய் சேராது. அதனால் ஐரோப்பிய யூதர்கள் நூற்றாண்டுகளாக வாத்தைக் கொழுக்கவைத்து அதன் நெய்யில் சமைத்தார்கள். தொண்டையில் குழாய் விட்டுத் தீனி திணிப்பதைப் பற்றி ரப்பிகளும் நிறையவே வாதாடினார்கள், பெரும்பாலும் உணவுக்குழாய் ஓட்டையாகிவிட்டால் இறைச்சி விலக்காகிவிடுமே என்ற கவலையில். வாத்தின் வலி ஓரமாகத்தான் நின்றது. 2003 ஆகஸ்டில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், திணித்து ஊட்டுவதற்கு வழி வகுத்த விதிகளை 1994 சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளுபடி செய்தது. உலகின் முன்னணி உற்பத்தியாளர்களில் ஒன்றாக இருந்த நாடு அந்தத் தொழிலைக் கைவிட்டது. ரப்பிகள் மன்றம் தீர்க்காமல் விட்டதை ஒரு மதச்சார்பற்ற மன்றம் அவர்களுடைய சொல்லையே வைத்துத் தீர்த்தது. 2021இல் நாகரிக உடைக்கான மென்மயிர்த்தோல் விற்பனையையும் இஸ்ரேல் தடை செய்தது. ஹசிதிய ஆண்கள் ஓய்வுநாளில் அணியும் மயிர்த்தொப்பிக்கு வழிவிட்டு மதத் தேவைக்கு விலக்கு வைத்தது.

ரப்பிகள் எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள் என்று சொன்னால் அநியாயம். நியூயார்க்கின் மோசே பைன்ஸ்டைன், 20ஆம் நூற்றாண்டு ஆர்த்தடாக்ஸ் உலகத்தின் தலையாய தீர்ப்பாளர், 1982இல் வெள்ளைக் கன்றிறைச்சியைப் பற்றி எழுதினார். கன்றைத் திரும்ப முடியாத கூண்டில் அடைத்து, இரும்புச்சத்து இல்லாத தீனி கொடுத்து இறைச்சியை வெளுக்கவைப்பது மனிதத் தேவை ஆகாது. அது வெறும் கண்ணுக்கு அழகு, வாங்குபவனை ஏமாற்றும் வேலை. செய்யக் கூடாது என்றார். இஸ்ஸர்லெஸ் திறந்துவிட்ட 'தேவை' என்ற கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்ட தீர்ப்பு இது. ஆனால் கோழியைக் கூண்டில் அடைத்தால் முட்டை மலிவாகும் என்பது தேவையா இல்லையா? இலாபமும் தேவைதான் என்று படிப்பவர்கள் இன்றும் உண்டு, அவர்கள் பக்கமும் மேற்கோள் இருக்கிறது.

பிரித்தானியர் ஆண்ட பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி தலைமை ரப்பி ஆபிரகாம் ஐசக் கூக் வேறு வழியில் போனார். நோவாவுக்குக் கொடுத்த அனுமதி தாழ்ந்துபோன மனிதகுலத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்தது, மனிதர் ஒருவரோடொருவர் நீதியாக நடக்கக் கற்றபின் விலங்குகளின் முறை வரும் என்று எழுதினார். ஆனால் அவசரப்பட வேண்டாம் என்றும் எச்சரித்தார். மனிதனை மிதித்துக்கொண்டு மாட்டைக் கொஞ்சும் நாகரிகம் அவருக்கு அச்சமாக இருந்தது. அவர் மறைந்தது 1935இல். இலக்கியத்தில் இந்தப் பொறுமை கிடையாது. இத்திஷ் மொழியில் எழுதி 1978இல் நோபல் பெற்ற ஐசக் பஷெவிஸ் சிங்கர் இறைச்சியை விட்டவர். விருப்பமில்லாமல் அறுப்புத் தொழிலுக்குத் தள்ளப்பட்டுப் பித்துப்பிடித்துப்போன யோய்னெ மெயிர் என்ற பக்திமானின் கதையை எழுதினார். கத்தியில் ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் தாங்கவில்லை.

இப்போது அறுக்காத இறைச்சி வந்திருக்கிறது. மாட்டின் உயிரணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி கோஷர்தான், சில நிபந்தனைகளோடு பாலோடும் சேர்த்துண்ணலாம் என்று இஸ்ரேலின் அன்றைய அஷ்கெனாசி தலைமை ரப்பி டேவிட் லாவ் 2023 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னார். ஓராண்டு கழித்து அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமும் அனுமதி கொடுத்தது. கேள்விக்கு முன்மாதிரி தேடியவர்கள் தால்முத்தில் ஒரு கதையைக் கண்டெடுத்தார்கள். சிங்கங்களிடம் சிக்கிய ரப்பி ஒருவர் வேண்டிக்கொண்டபோது வானத்திலிருந்து இரண்டு தொடைக்கறிகள் விழுந்தன. சிங்கங்கள் ஒன்றைத் தின்றுவிட்டுப் போக, மற்றதைக் கல்விச்சாலைக்குத் தூக்கிவந்து, இதை உண்ணலாமா என்று கேட்டார். வானத்திலிருந்து வருவதில் விலக்கு எதுவும் கிடையாது என்று பதில் வந்தது. ஆய்வகத்து இறைச்சியைப் பற்றிய இன்றைய வாதங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன: முதல் உயிரணு எந்த விலங்கிலிருந்து, அது அறுபட்டதா, உயிரோடு இருந்ததா, இது இறைச்சியா, இறைச்சியல்லாததா. மாட்டுக்கு வலித்ததா என்று கேட்பவர்களும் அந்த மேசையில் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் முறை வருவதற்குள் பெரும்பாலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.